மஹிந்திரா தார் ஜீப்புக்குள் ஒரு காற்றுக் கம்ப்ரசர்

உடன்குடிப் பக்கத்துத் தேரி என்னும் செம்மணல் மேடுகளில் புதைந்து நிற்கும் ஜீப்புகளைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் சக்தி போதாமல் இல்லை, டயரில் காற்று அதிகமாக இருக்கிறது என்பது புரியும். என் மஹிந்திரா தார், ஆட்களோடும் சாமான்களோடும் சேர்த்து 1,900 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 475 கிலோ விழுகிறது. 30 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ அழுத்தம். ஆகவே, டயரின் சொந்த விறைப்பை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், ஒரு சக்கரம் தரையில் பதியும் பரப்பு 225 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வரும். காற்றை 15-க்கு இறக்கினால் அந்தப் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. அதுவும் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது என்பதால், டயர் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்காமல் அதன்மேல் ஊர்ந்து போகிறது.

காற்றை இறக்க ஒரு சிறு குச்சி போதும். திரும்ப ஏற்றுவதுதான் பாடு. எங்கள் பனைவிளைக்கு, அதாவது பனந்தோப்புக்கு, போகும் மணல்தடம் முடிந்து தார்ச்சாலையில் ஏறியதும் 15 பி.எஸ்.ஐ. டயரோடு திருநெல்வேலி வரை வேகமாக ஓட்டிவர முடியாது. டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிந்து சூடேறும். வளைவில் ரிம்மைவிட்டு நழுவவும் கூடும். பஞ்சர் கடை திறந்திருக்கும் நேரத்தில் நாம் வெளியே வருவதில்லை. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் கருவி எந்த நாளில் வேலை செய்யும் என்பது அந்தந்த பங்குக்கே வெளிச்சம். போதாக்குறைக்கு உடைமர முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் சேர்ந்துகொள்கின்றன. டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள் காற்றைச் சிறிது சிறிதாகத்தான் விடும். காலையில் சரியாக இருந்த டயர் மாலையில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் வண்டியிலேயே காற்று இருந்தால், பஞ்சர் நூலைச் செருகிவிட்டுக் கிளம்பலாம்.

லாரிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. பிரேக்குக்காக எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசரும் காற்றுத் தொட்டியும் வண்டியிலேயே இருப்பதால், ஒரு குழாயைச் சொருகி டயருக்குக் காற்று பிடித்துக்கொள்கிறார்கள். பழைய ஜீப்புகளில் ஏ.சி. கம்ப்ரசரையே காற்றடிக்க மாற்றிக்கொள்ளும் கைவேலையும் உண்டு; பெல்ட்டில் ஓடுவதால் காற்று வெள்ளமாக வரும். ஆனால் அந்தக் கம்ப்ரசருக்கு எண்ணெய் தனியாகப் போய்ச் சேர வேண்டும், காற்றோடு வரும் எண்ணெயைப் பிரிக்க வேண்டும், ஏ.சி.யையும் இழக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்து மே மாதத்தில் ஏ.சி.யைத் தியாகம் செய்ய நான் துறவியல்ல. எனவே 12 வோல்ட் மோட்டாரில் ஓடுவதையே தேர்ந்தெடுத்தேன்.

கடையில் கம்ப்ரசர் வாங்கும்போது பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 150 என்றும் 200 என்றும் பி.எஸ்.ஐ. எண் அச்சிட்டிருப்பார்கள். 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் தேவைப்படாத நமக்கு அந்த எண்ணால் பயன் மிகக் குறைவு. பார்க்க வேண்டியது, 30 பி.எஸ்.ஐ. எதிரழுத்தம் இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை அது தள்ளுகிறது என்பதே. தாரின் 255/65 ஆர்18 டயருக்குள் ஏறத்தாழ 70 லிட்டர் இடம் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. என்பதால், 15-லிருந்து 30-க்கு ஏற்றுவது என்றால் அந்த 70 லிட்டர் இடத்துக்குள் இன்னும் ஒரு 70 லிட்டர் வெளிக்காற்றைத் திணிப்பது என்று பொருள். நான்கு டயருக்கும் 280 லிட்டர். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சிறு கருவி, அந்தத் துளையின் ஃப்யூஸ் 15 அல்லது 20 ஆம்பியரைத் தாண்ட விடாது என்பதால், 150 வாட் அளவோடு நின்றுவிடும். அது நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளினால் நான்கு டயருக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். நடுவில் சூடேறி நின்றுவிட்டால் அது ஆறும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் வாங்கியது அமெரிக்க வயேர் நிறுவனத்தின் 400சி. எதிரழுத்தம் இல்லாதபோது 2.54 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), அதாவது நிமிடத்துக்கு 72 லிட்டர். அதிகபட்சம் 30 ஆம்பியர் இழுக்கும். ஆஸ்திரேலிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் இரட்டை மோட்டார் கம்ப்ரசர் இதைப்போல் இருமடங்குக்கு மேல் காற்று தரும். மின்சாரமும் 50 ஆம்பியருக்கு மேல் கேட்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். காற்றில் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக் (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் பூட்டு) பொருத்தப் போகிறவர்களுக்கு அது பொருந்தும். என் தாரின் பின் அச்சில் தானாகவே பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக் இருக்கிறது. அதற்குக் காற்று வேண்டாம். எனக்கு டயருக்கு மட்டும் காற்று போதும்.

வயேர் தன் விவரக்குறிப்பில் 33 சதவீத ஓட்ட அளவு என்று குறிப்பிடுகிறது. 45 நிமிடத்தில் 15 நிமிடம் ஓட்டலாம், மீதி நேரம் ஆறவிட வேண்டும் என்பது அதன் கணக்கு. இந்த அளவு 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் எடுத்தது. நாம் 30 பி.எஸ்.ஐ.க்குத்தான் அடிக்கிறோம் என்பதால் மோட்டாருக்குச் சுமை குறைவு. ஆனால் நம் ஊரில் நிழலிலேயே 38 டிகிரி. ஒன்று கூட்டினால் மற்றொன்று கழிக்கிறது. ஆகவே அந்த 15 நிமிடத்தை நான் அப்படியே எல்லையாக வைத்துக்கொண்டேன்.

காற்றுத் தொட்டி வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். 4 லிட்டர் தொட்டியை 150 பி.எஸ்.ஐ. வரை நிரப்பினால், அது 35-க்கு இறங்கும்வரை நமக்குக் கிடைக்கும் வெளிக்காற்று 31 லிட்டர்தான். ஒரு டயரின் தேவையில் பாதிகூட இல்லை. ரிம்மை விட்டு விலகிய டயரை ஒரே மூச்சில் உட்கார வைப்பதற்கும், நியூமேட்டிக் ஸ்பானர் போன்றவற்றுக்கும் தொட்டி உதவும். எனக்கு இரண்டும் இல்லை. தொட்டி வைக்கும் இடத்தில் ஒரு தண்ணீர் கேன் வைக்கலாம்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் அதிக நாள் யோசித்தேன். பானெட்டுக்குள் வைத்தால் பேட்டரி பக்கத்திலேயே இருக்கும், ஒயர் செலவு குறையும், சத்தமும் வெளியே இருக்கும். ஆனால் டீசல் எஞ்சினும் டர்போவும் சேர்ந்து சூடாக்கும் அந்த இடத்தில், ஓடாமல் சும்மா இருக்கும் கம்ப்ரசரே தொட முடியாத சூட்டுக்கு வந்துவிடும். ஓட ஆரம்பிக்கும்போது அதன் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் கட் ஆக இன்னும் சில டிகிரிதான் பாக்கி இருக்கும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே போகும் காற்றும் குறையும். தண்ணீர்ப் பாதுகாப்பு முத்திரை பெற்ற கம்ப்ரசர்களை அங்கே வைப்பவர்கள் இருக்கிறார்கள். என்னுடையது அந்த வகையல்ல. அடிச்சட்டத்தில் வைப்பதை யோசிக்கவே இல்லை. தாருக்கு நிறுவனம் சொல்லும் நீர் கடக்கும் ஆழம் 650 மில்லிமீட்டர். அடிச்சட்டம் அந்த மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது.

வண்டிக்குள் என்றால் இருக்கைக்கு அடியில்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். மூன்று கதவுத் தாரில் பின்னிருக்கைக்குப் போக, ஓட்டுநருக்கு அடுத்துள்ள இருக்கை மடங்கி முன்னால் நகரும். அதன் தண்டவாளத்துக்கும் நெம்புகோலுக்கும் நடுவே கம்ப்ரசரை நுழைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். அதோடு, இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருந்தால் அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அந்தப் பக்கம் கையே வைக்கக் கூடாது. இறுதியில், பின்னிருக்கைக்குப் பின்னால் இடப்பக்கச் சக்கர வளைவின்மேல் இருக்கும் இடத்தைத் தேர்ந்தேன். மழைத்தண்ணீர் படாது, காற்றோட்டம் உண்டு, பின்கதவைத் திறந்தால் கைக்கெட்டும். பேட்டரியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளியிருப்பது ஒன்றே குறை.

இதற்கான தாங்கியை நெல்லை டவுனில் ஒரு பட்டறையில் 4 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் வளைத்து எடுத்தேன். ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளையே பயன்படுத்தினோம். இருக்கையையும் சீட் பெல்ட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மட்டும் விட்டுவிட்டோம், ஏனெனில் விபத்தில் உயிரைத் தாங்குபவை அவை. ஐந்து கிலோ எடையுள்ள ஒரு இரும்புத்துண்டு வண்டிக்குள் இருக்கிறது என்பதும், வண்டி கவிழ்ந்தால் அது பறக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அதனால் எல்லா இடத்திலும் அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் அகன்ற வாஷரும் போட்டோம். கம்ப்ரசரின் காலடி ரப்பர் நசுங்கிப்போகும் அளவுக்கு முறுக்கக் கூடாது. அந்த ரப்பர்தான் அதிர்வை உடம்புத் தகட்டுக்குப் போகாமல் தடுக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் கடற்கரைப் பக்கம் என்பதால் தாங்கிக்குத் துத்தநாகப் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட் பூசினோம்.

இனி ஒயர். கம்ப்ரசரோடு வரும் சொந்த ஒயர் குட்டையானது. பேட்டரி வரை நாம்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் 4 சதுர மில்லிமீட்டர் ஒயரை எடுத்துவைத்து, "இது தாராளமாத் தாங்கும் அண்ணாச்சி, ஹெட்லைட்டே இதைவிடச் சின்னதுலதான் ஓடுது" என்றார் கடைக்காரத் தம்பி. தாங்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை, ஒயர் உருகிவிடாது. ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்கு 17.5 மில்லி ஓம் தடை உண்டு. போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர், ஆக எட்டு மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 35 மில்லி ஓம். 30 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே கரைந்துபோகும். 10 சதுர மில்லிமீட்டரில் அது 0.42 வோல்ட், 16-ல் 0.26 வோல்ட். மோட்டாரின் வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்ட்டைப் பின்பற்றியே ஏறி இறங்குகிறது. வோல்ட் குறைந்தால் சுற்று குறையும், காற்று குறையும், அதே டயரை நிரப்ப அதிக நேரம் ஓடிச் சூடேறும். விலை கொடுத்து வாங்கிய கம்ப்ரசரை மெல்லிய ஒயரால் மலிவுக் கம்ப்ரசராக மாற்றிக்கொள்வதற்கு இதுதான் வழி.

"பதினாறு ஸ்கொயர் கொடுங்க தம்பி" என்றதும் அவர் வெல்டிங் கேபிளை எடுத்துப் போட்டார். அது சரியான பொருள்தான், மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் நன்றாக வளையும். ஆனால் வாங்கும் முன் நுனியில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். சுரண்டிய இடம் உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் தாமிரம். வெள்ளியாக மின்னினால் அது தாமிரம் பூசிய அலுமினியம். அலுமினியத்துக்குத் தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை என்பதால், 16 என்று சொல்லி விற்கும் அந்தக் கேபிள் தாமிரக் கணக்கில் 10-ஐ ஒட்டித்தான் நிற்கும். முதலில் வந்த சுருளில் இழை வெள்ளையாக மின்னியது. இரண்டாவதாக உள்ளறையிலிருந்து வந்த சுருளின் எடையே வேறாக இருந்தது.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ் வைக்க வேண்டும். ஃப்யூஸ் கம்ப்ரசரைக் காப்பாற்றுவதற்காக வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. ஃப்யூஸைக் கம்ப்ரசர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், நடுவில் எங்காவது உறை கிழிந்து தகட்டில் உரசும்போது பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த இடத்தில் தீயாக இறங்கும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில், ஓரம் ஒயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் குரோமெட் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நெளிவுக் குழாய்க்குள் ஒயரை விட்டு, கதவடிப் பட்டைக்கு அருகாக உயரத்திலேயே கொண்டுபோனோம். தாரின் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அடைப்பானைக் கழற்றி வடித்துவிடலாம் என்பதால், தரைமட்டத்தில் ஒயர் இணைப்பு எதையும் வைக்கவில்லை.

சுவிட்சில் நேரடியாக 30 ஆம்பியர் ஓடக் கூடாது. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் 70 ஆம்பியர் ரிலே ஒன்றை வைத்து, அதன் 30-ஆம் முனைக்குப் பேட்டரியும் 87-க்குக் கம்ப்ரசரும் 86-க்கு சுவிட்சும் 85-க்கு எர்த்தும் கொடுத்தோம். சுவிட்சில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. அந்த சுவிட்சுக்கான மின்சாரத்தை இக்னிஷனுக்குப் பிறகுள்ள இணைப்பிலிருந்து எடுத்ததால், சாவியை எடுத்துவிட்டால் கம்ப்ரசர் தவறியும் ஓடாது. எதிர்முனையைப் பொறுத்தவரை, பேட்டரியின் எதிர்முனையில் மின்சாரத்தை அளக்கும் சென்சார் பொருத்தியிருக்கும் வண்டிகளில், அந்த முனையின்மேலேயே லக்கை (ஒயர் நுனியின் உலோக வளையத்தை) மாட்டினால், கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராமல் போகும். சென்சாருக்கு மறுபக்கம், சேஸிஸில் எர்த் கொடுத்த இடத்தில்தான் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரசரைப் போட்டு அளந்தபோது பேட்டரியில் 14.0 வோல்ட், கம்ப்ரசர் முனையில் 13.6. ஃப்யூஸும் ரிலேயும் லக்குகளும் தின்றது போக இது நல்ல கணக்கு.

மின்சாரத்துக்கு அடுத்தபடி ஆளைச் சோதிப்பது மரை. அமெரிக்கக் கம்ப்ரசர்களில் கால் அங்குல என்.பி.டி. என்னும் அமெரிக்க அளவு மரை இருக்கும், நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பது பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் அளவு. முதலாவதில் அங்குலத்துக்கு 18 மரை, 60 டிகிரி கோணம். இரண்டாவதில் 19 மரை, 55 டிகிரி. கையால் முறுக்கும்போது இரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும், சரியாகப் பொருந்திவிட்டது என்று மனம் நம்பிவிடும். டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் சோப்புத் தண்ணீரைத் தடவியதும் குமிழி குமிழியாக வரும். ஸ்பானரால் இன்னும் இறுக்கினால் அலுமினியத் தலை வெடிக்கும். ஒரு முனை என்.பி.டி., மறுமுனை பி.எஸ்.பி. என்று இருக்கும் பித்தளை இணைப்பியை லேத் பட்டறையில் கடைந்து வாங்குவதே நிம்மதி. அதற்குப் பிறகு மற்ற எல்லாப் பொருளையும் பக்கத்துக் கடையில் வாங்கலாம்.

கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் முதல் அரை மீட்டர் குழாய், அதோடு வரும் எஃகுப் பின்னல் குழாயாகவே இருக்க வேண்டும். அழுத்தப்பட்ட காற்று அந்த இடத்தில் கைவைக்க முடியாத சூட்டில் வருவதால், நீல நிற பி.யூ. பிளாஸ்டிக் குழாயை அங்கே நேரடியாக மாட்டினால் இளகி உருவிக்கொள்ளும். எஃகுக் குழாயின் மறுமுனையில் பின்கதவோரமாக, குழாயைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் கப்ளர். அதிலிருந்து சுருள் குழாய். தாரின் நீளம் 3,985 மில்லிமீட்டர். பின்கதவிலிருந்து முன்சக்கரம் வரை வளைத்துக் கொண்டுபோக எட்டு மீட்டர் குழாய் வைத்திருந்தால், வண்டியைத் திருப்பி நிறுத்தாமல் நான்கு டயருக்கும் எட்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. அதை மனத்தில் வைத்தே சேஸிஸில் துளையோ வெல்டிங்கோ செய்யவில்லை. கம்பெனி ஒயரிங்கின் மின்வழி எதையும் வெட்டவும் இல்லை. எட்டு போல்ட்டைக் கழற்றினால் வண்டி ஷோரூமிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். தேரியிலும் வனத்துறையின் காப்புக்காடாக இருக்கும் பகுதிக்குள் வண்டியை விடக் கூடாது. நான் சொல்வது சொந்த விளைக்கும் ஊர்ப் பாதைக்குமான ஓட்டம்.

பயன்பாட்டில், நான்கு டயரையும் 15-லிருந்து 30-க்குக் கொண்டுவர ஏழு நிமிடம் ஆகிறது, குழாயை மாற்றி மாற்றி மாட்டுவதையும் சேர்த்து. கம்ப்ரசர் வண்டிக்குள் இருப்பதால் சத்தம் காதைப் பிளக்கும். பின்கதவைத் திறந்து வைத்தே ஓட்ட வேண்டும், அதன் சூடு வெளியேறவும் அதுவே வழி. தேரியின் செம்மண் தூள் மாவைப்போல் நுண்மையானது; காற்றை உறிஞ்சும் வடிகட்டியின் பஞ்சு சில முறைகளிலேயே செங்கல் நிறமாகிவிடும். பஞ்சைக் கழற்றித் தட்டிவிட்டு மாட்டலாம், விலை மிகக் குறைவு என்பதால் மாற்றியும் விடலாம். அதை அலட்சியம் செய்தால் அந்தத் தூள் பிஸ்டனின் வளையத்தைத் தேய்க்கும். எண்ணெய் இல்லாமல் ஓடும் இவ்வகைக் கம்ப்ரசரில் காற்று கசியாமல் அடைத்து நிற்பது அந்த வளையம்தான்.

காற்றை ஏற்றும் நேரத்தில் டயர் சூடாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பம் 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. மாறும். வெயில் சாயும் நேரத்தில் மணலை விட்டு ஏறும்போது நான் 32 வரை அடித்துவிடுகிறேன். மறுநாள் காலை ஓட்டுவதற்கு முன் அளந்தால் 30-ஐ ஒட்டி நிற்கிறது. நான்கில் ஒன்று மட்டும் 26 காட்டினால், அந்த டயரில் முள் தேட வேண்டியதுதான்.